எருது குழியில் விழுந்ததா, நாம் தள்ளிவிட்டோமா?



 இந்த இதழிலே ஒரு கேள்வியையும் ஒரு அறிக்கையையும் உங்கள் முன் வைக்கிறேன். கேள்வி நம் சபையின் வாலிப சகோதரர் ஒருவருடையது. அறிக்கை என்னுடையது.

ஒரு புதன்கிழமை இரவு. வேதபாடம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். எல்லாரும் போன பிறகும் அந்த சகோதரர் மட்டும் நின்றார். தூத்துக்குடியிலே ஏற்றுமதிச் சரக்கு சம்பந்தமான ஒரு ஆபீஸில் வேலை. தினமும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறிப் போய் வருகிறவர். கைக்குழந்தை ஒன்று உண்டு.

"பாஸ்டர், ஒரு சந்தேகம் கேக்கட்டுமா? ராத்திரி பத்தரைக்கு ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வருது. உடனே பதில் போடலன்னா காலையில மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுதாரு. ஞாயித்துக்கிழமை ஆராதனையில இருக்கும்போதும் வருது. போனை அணைச்சு வச்சா, வேலைக்கு உண்மையில்லாதவன்னு ஆயிருமா?"

நான் யோசிக்கவே இல்லை. கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தை எடுத்துச் சொன்னேன். எந்த வேலையானாலும் ஆண்டவருக்கே செய்கிறதாக எண்ணி முழு மனதோடு செய்யும்படி பவுல் எழுதியிருக்கிறார், "பொறுமையா இரு தம்பி, கர்த்தர் உன்னை உயர்த்துவார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். முகத்தில் சமாதானம் இல்லை.

வீட்டுக்குப் போய்ப் படுத்தால் எனக்கும் சமாதானம் இல்லை. எழுந்து வேதத்தைத் திறந்தேன். அதே நிருபத்தில், அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, பவுல் எஜமான்கள் பக்கம் திரும்புகிறார். வேலைக்காரருக்கு நியாயமாய்ச் சேரவேண்டியதைக் கொடுக்கச் சொல்லுகிறார். உங்களுக்கும் மேலே ஒரு எஜமான் இருக்கிறார் என்று நினைப்பூட்டுகிறார். அந்தத் தம்பிக்கு நான் பாதி நிருபத்தைத்தான் வாசித்துக் காட்டியிருந்தேன். வேதாகமக் கல்லூரியிலே டிப்ளமோ படித்தவன் செய்கிற காரியமா இது?

பிரியமானவர்களே, நான் முழுநேர ஊழியன் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். பகலிலே நானும் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன்தான். ஆகையால் முதலில் வேலைக்காரர் பக்கத்துக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அதிலே நானும் உண்டு.

பதினோரு மணிக்கு முடிக்கவேண்டிய கணக்கை டீக்கடையிலும் போனிலும் அரட்டையிலும் கரைத்து, சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் பரபரப்பாய் எடுத்து, இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருப்போம். முதலாளி வந்து பார்த்து, "பொறுப்பான ஆள்" என்பார். நாலு மணிக்கே தன் வேலையைச் சுத்தமாய் முடித்துவிட்டு ஆறு மணிக்குப் பையை எடுக்கிறவனை, "மணி பார்த்து ஓடுறவன்" என்பார். இந்த இடத்தில் முதலாளியும் ஏமாறுகிறார், வீட்டாரும் ஏமாறுகிறார்கள். சம்பளம் வாங்குகிற நேரத்தைத் திருடுவது திருட்டுதான். பகலை அப்படித் திருடினவன், இராத்திரியைத் தன் பிள்ளைகளிடமிருந்து எடுத்து அந்தக் கடனை அடைக்கிறான். வேலை நேரத்துக்கு எல்லை வேண்டும் என்று கேட்கிறவன், அந்த எல்லைக்குள்ளே முழு மனதோடு உழைத்தவனாயிருக்க வேண்டும்.

ஆனால் அப்படி உழைத்த பிறகும் விடுவதில்லையென்றால்?

நம்முடைய மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியார் நடத்திய கோரல் மில்லிலே, 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? வாரத்தில் ஒருநாள் விடுமுறை! ஒன்பது நாட்கள் கழித்து நிர்வாகம் இணங்கியது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. அந்த மார்ச் 12-ஆம் தேதியே வ.உ.சி. கைது செய்யப்பட்டார். பிறகு சிறையும் செக்கும் அவர் பங்காயின.

இதை நினைக்கும்போது எனக்கு வெட்கமாயிருக்கிறது. மில்லை நடத்தினவர்கள் கிறிஸ்தவ தேசத்திலிருந்து வந்தவர்கள். தங்கள் ஊரிலே ஞாயிறு மணியோசை கேட்டு வளர்ந்தவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை நம்முடைய ஏழைகளுக்கு வாங்கிக்கொடுக்க, கிறிஸ்தவரல்லாத இரண்டு பேர் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. இன்றைக்கு நாம் ஞாயிறு காலையிலே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வருகிறோமே, அதற்காக நம் ஊரிலே முன்பே விலை கொடுத்தவர்கள் உண்டு.

அதன் பிறகும் நேரம் சும்மா குறைந்துவிடவில்லை. பஞ்சாலைகளில் ஆண்களுக்கு நாளுக்கு 12 மணி நேரத்துக்குமேல் கூடாது என்று 1911-ஆம் வருஷச் சட்டம் சொன்னது. 1922-ல் வாரத்துக்கு 60 மணி, 1934-ல் 54 மணி, 1946-ல் 48 மணி என்று படிப்படியாய் இறங்கியது. இந்தியாவின் முதல் மே தினத்தை சிங்காரவேலர் சென்னையிலே கொண்டாடியது 1923-ல். சரியாய் நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, ஆலைகளிலே நாளுக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்யும் ஒரு மசோதா நம் சட்டசபையிலே நிறைவேறியது. எதிர்ப்பு எழும்பி, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 1948-ஆம் வருஷச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் நாளுக்கு எட்டு மணி நேரம், அதற்குமேல் வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் இராத்திரி பத்தரை மணி மெசேஜுக்கு யார் கணக்கு வைப்பது?

யாத்திராகமம் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆராதனைக்குப் போக மூன்று நாள் வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். பார்வோன் என்ன செய்தான்? இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் கும்பிடப் போகவேண்டும் என்கிறார்கள் என்றான். வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. இன்றைக்கு அதற்கு டார்கெட் என்று பேர்! ஓய்வு கேட்கிறவனுக்கு சோம்பேறி என்று பட்டம் கட்டுவது பார்வோன் காலத்துப் பழக்கம், பிரியமானவர்களே. அந்தப் புதன்கிழமை நான் அந்தத் தம்பிக்குச் சொன்ன பதிலிலும் அதன் வாடை கொஞ்சம் அடித்தது.

அப்படியானால் மணி ஆறு அடித்ததும் கப்பலே மூழ்கினாலும் நான் போய்விடுவேன் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. லூக்கா 14-ஆம் அதிகாரத்திலே ஆண்டவர் ஒரு காரியம் கேட்கிறார். ஓய்வுநாளில் உங்கள் எருது குழியில் விழுந்தால் தூக்கிவிடாமல் இருப்பீர்களா என்று.

நம் ஊரிலே அது நடந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாராலே மறக்க முடியும்? காயல்பட்டினத்திலே ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், நம் ஸ்ரீவைகுண்டத்திலே 62 சென்டிமீட்டர். தாமிரபரணி கரைமீறி வீடுகளுக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு நம் ஸ்டேஷனிலே நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போயிருந்தது. அந்த இரவிலே ரயில்வே ஊழியர்கள் என் டியூட்டி முடிந்தது என்று போயிருந்தால் என்ன ஆயிருக்கும்? புதுக்குடி ஊர் ஜனங்கள் தங்கள் வீட்டிலே தண்ணீர் நிற்கும்போதே அந்தப் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். அப்படிப்பட்ட நாளிலே கடிகாரம் பார்க்கிறவன் மனுஷன் அல்ல. எருது மெய்யாகவே குழியில் விழுந்திருந்தது.

ஆனால் வருஷத்தில் எத்தனை நாள் டிசம்பர் 17? ஒவ்வொரு நாளும் எருது குழியில் விழுகிறதென்றால், ஒன்று குழியை மூடாமல் வைத்திருக்கிறோம், அல்லது நாமே எருதைத் தள்ளிவிடுகிறோம். நாலு பேர் வேலைக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு, தினமும் "அவசரம், அவசரம்" என்று சொல்வது குழியை மூடாத கதை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சொல்லியிருக்கவேண்டியதை மறந்துவிட்டு, பத்தரை மணிக்கு ஞாபகம் வந்து போனைத் தட்டுவது எருதைத் தள்ளிவிடுகிற கதை. வெள்ளத்திலே காட்டவேண்டிய தியாகத்தை வெயில் நாளிலேயே செலவழித்துவிட்டால், வெள்ளம் வரும்போது யாரிடத்தில் பெலன் இருக்கும்?

நம் கடற்கரையிலே முத்துக்குளித்த பெரியவர்களுக்கு இது தெரியும். அவர்கள் ஒவ்வொரு வருஷமும் குளிக்கவில்லை. பாரிலே இறங்கிப் பார்த்து, சிப்பி முதிர்ந்திருந்தால்தான் குளிப்பு. இன்றைக்கும் மீன்கள் இனம்பெருகும்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. குளிக்கிறவனுக்கும் ஒரே மூச்சுத்தான். இன்னும் ஒரு சிப்பி, இன்னும் ஒரு சிப்பி என்று கீழே இருந்தால் உயிரோடே மேலே வரமாட்டான். தோணியிலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவன் அசைத்தவுடனே இழுத்துவிடவேண்டும். பெரும்பாலும் மனைவியின் சகோதரனைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மூச்சு வாங்க மேலே வந்தவனை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை.

இங்கே ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். உப்பளத்திலே கூலி வேலை செய்கிற நம் சகோதரிகளிடத்தில் போய், "ஓய்வெடுங்கள்" என்று பிரசங்கம் பண்ணுவது பரியாசம். மழை பெய்தால் அவர்களுக்கு வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. சம்பளமில்லாத ஓய்வுக்குப் பட்டினி என்று பேர். ஆகையால்தான் யாத்திராகமம் 20-ல் ஓய்வுநாள் கட்டளை வீட்டு எஜமானைப் பார்த்துப் பேசுகிறது. அவன் பிள்ளைகள், வேலைக்காரர், மாடு, அவன் ஊரில் தங்கியிருக்கிற அந்நியன் எல்லாரும் ஓயவேண்டும். உபாகமம் 5-ல் மோசே காரணமும் சொல்லுகிறார். எகிப்திலே நீயும் அடிமையாயிருந்தவன்தானே, அதை நினைத்துக்கொள் என்கிறார். ஓய்வு கொடுக்கிற கடமை, கையிலே அதிகாரம் உள்ளவனுக்குத்தான் முதலில் வருகிறது.

நம் சபையிலே கடை வைத்திருக்கிறவர்கள் உண்டு. உங்கள் கடையிலே நிற்கிற பையனுக்கு உட்கார ஒரு ஸ்டூல் உண்டா? 2021-ல் தமிழ்நாடு அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போடவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டிலே பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு வாரத்தில் ஒருநாள், சம்பளம் பிடிக்காமல், லீவு உண்டா? ஞாயிறு மத்தியானம் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அவர்களை வரச்சொல்லிவிட்டு, நாம் இங்கே கை உயர்த்தித் துதித்தால், அந்தத் துதி எங்கே போய்ச் சேரும்?

இதையெல்லாம் குறிப்பெடுத்து, "பார்வோன்கள்" என்று ஒரு செய்தியே ஆயத்தம் பண்ணினேன். ஆபீஸ்காரர்களை ஒரு பிடி பிடிக்கவேண்டும் என்று இருந்தேன். அது நவம்பர் மாதக் கடைசி. என் மனைவி சுவரிலிருந்த வாக்குத்தத்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்கள்.

"கோவிச்சுக்கிடாதீங்க. இதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்க."

பிள்ளைகள் தூங்குமுன் நான் வீட்டிலே உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களுக்குப் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். மாதத்தில் முப்பது நாள். புள்ளி ஐந்து. ஐந்தும் ஞாயிற்றுக்கிழமை. மீதி இருபத்தைந்து நாளில் ஆபீஸ் என்னைப் பிடித்து வைத்தது எட்டு நாள். பதினேழு நாள் சபைக் காரியம்! செவ்வாய் வீட்டு ஜெபம், புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி இராத்திரி ஜெபம்.

"ஆபீஸைப் பாத்துப் பிரசங்கம் பண்ணப்போறீங்க. எங்களுக்கு உங்க ஆபீஸ்காரரு பரவாயில்ல" என்றார்கள்.

நான் பேசவில்லை. அப்போதுதான் அந்தத் தம்பியின் ஞாபகம் வந்தது. அவரையும் அந்த நாலு கூட்டத்துக்கும் வரச்சொன்னவன் நான்தான். சனி இராத்திரி வராவிட்டால், "ஏன் தம்பி, ஆவியிலே அனல் குறைஞ்சிட்டோ?" என்று எல்லார் முன்பும் கேட்டவனும் நான்தான். ஆபீஸ் அவருடைய இராத்திரியைப் பாதி எடுத்தது. மீதியை நான் கர்த்தருடைய நாமத்தைச் சொல்லி எடுத்தேன். மெசேஜ் அனுப்புகிற அதிகாரியாவது பரலோகத்தை இழுக்கவில்லை.

இதுதான் என் அறிக்கை, பிரியமானவர்களே. நான் உங்களிடத்தில் பார்வோனைப்போல நடந்திருக்கிறேன். என்னை மன்னியுங்கள்.

இதைச் சொன்னபோது சபை மூப்பர் ஒருவர் வருத்தப்பட்டார். "எழுப்புதலுக்காகக் காத்திருக்கிற காலத்துல கூட்டத்தைக் குறைக்கலாமா பாஸ்டர்?" என்றார். நியாயமான கேள்வி. ஜெபமில்லாமல் எழுப்புதல் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாற்கு 6-ஆம் அதிகாரத்திலே, சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருந்தபோது, ஆண்டவர் சீஷர்களைத் தனியிடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கொஞ்சம் இளைப்பாறச் சொன்னார். எலியா சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று படுத்தபோது, தேவன் முதலாவது கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார், சுட்ட அப்பம் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். அதன் பிறகுதான் ஓரேபிலே பேசினார். காலைமுதல் சாயங்காலம்வரை தனியே உட்கார்ந்து நியாயம் விசாரித்த மோசேயிடம், இது நல்ல முறை இல்லை, நீரும் சோர்ந்து ஜனங்களும் சோர்ந்துபோவார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னவர் மாமனார் எத்திரோ. கர்த்தரோடே முகமுகமாய்ப் பேசின மோசே அதைக் கேட்டுக் கீழ்ப்படிந்தார். நான் என் மனைவிக்குக் கீழ்ப்படிந்தால் என்ன குறைவு? தோணியிலே கயிற்றைப் பிடித்திருப்பது அவர்கள்தானே.

ஆகையால் ஜெபத்தோடே சில தீர்மானங்கள் எடுத்திருக்கிறோம்.

முதலாவது, செவ்வாய் வீட்டு ஜெபத்தை வெள்ளிக்கிழமையோடு சேர்த்துவிட்டோம். சனி இராத்திரி ஜெபம் இனி மாதத்துக்கு ஒருமுறை. வேதபாடம் எட்டரை மணிக்கு முடியும். நான் பிரசங்கத்தை நீட்டினால் கையைத் தூக்கி மணியைக் காட்டுங்கள்.

இரண்டாவது, வராதவர்களை எல்லார் முன்பும் கேள்வி கேட்கமாட்டேன். வியாதி, மரணம், ஆபத்து என்றால் நடுராத்திரியிலும் என் கதவைத் தட்டுங்கள், ஓடிவருவேன். நோட்டீஸ் அச்சடிக்கிற காரியத்தை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

மூன்றாவது, வேலைக்குப் போகிறவர்கள் வேலை நேரத்தில் போனை மேசை டிராயரிலே வைத்துவிட்டு உண்மையாய் வேலை செய்யுங்கள். பிறகு உங்கள் அதிகாரியிடத்தில் பயமில்லாமலும் பணிவோடும் பேசுங்கள். முறுமுறுத்துக்கொண்டே செய்வதும் ஒரு பொய்தான்.

அந்தத் தம்பி அப்படித்தான் செய்தார். "எட்டு மணிக்குமேல மெசேஜ் பாக்க மாட்டேன் சார். கப்பல் விஷயமா அவசரம்னா போன் போடுங்க, கட்டாயம் எடுப்பேன்" என்று நேரிலேயே சொன்னார். முதல் மாதத்தில் போன் வந்தது இரண்டே தடவை. இரண்டும் மெய்யான அவசரம். இரண்டுக்கும் எழுந்து வேலை செய்தார். மற்ற மெசேஜெல்லாம் காலைவரை காத்திருந்தன. ஒன்றும் மூழ்கிப்போகவில்லை.

சாட்சியை முழுவதும் சொல்லவேண்டுமே. அந்த முறை சம்பள உயர்வு அவருக்கு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. "இரட்டிப்பாய்த் திரும்பக் கிடைக்கும் தம்பி" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சரியானதைச் செய்ததற்கு அவர் ஒரு விலை கொடுத்திருக்கிறார், அதை மதிக்கவேண்டும்.

"வருத்தமா தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

"கொஞ்சம் இருக்கு பாஸ்டர். ஆனா பாப்பா இப்ப எம்மேலதான் படுத்துத் தூங்குதா" என்றார்.

இந்த மாதம் உங்கள் வீட்டுக் காலண்டரிலும் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். நீங்களே வைக்கவேண்டாம், வீட்டிலுள்ளவர்களை வைக்கச்சொல்லுங்கள். மாதக் கடைசியில் அதை ஜெபத்தோடே எண்ணுங்கள். எங்கள் வீட்டுக் காலண்டரிலே டிசம்பரில் பதினாலு புள்ளி. இன்னும் போதாதுதான். ஆனால் போன மாதத்துக்கு இது எவ்வளவோ மேல். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பரலோகப் பிதாவே, நீர் கொடுத்த கைகளால் உண்மையாய் உழைக்கவும், நீர் கொடுத்த இராத்திரியில் பயமில்லாமல் தூங்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். எங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களின் பெருமூச்சை எங்கள் காதுகள் கேட்கட்டும். உம்முடைய பேரைச் சொல்லி நாங்கள் யார்மேலும் பாரம் சுமத்தாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். எருது குழியில் விழுகிற நாளிலே முதலாவது ஓடுகிறவர்களாய் எங்களை வையும். இயேசுவின் நாமத்தினாலே ஜெபம் கேளும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்